முப்பந்தல் காற்று, கமுதி வெயில்: மலிவு மின்சாரம் யார் வீட்டுக்கு வருகிறது?

நாகர்கோவிலில் இருந்து ஆரல்வாய்மொழி போகும் வழியில் இருக்கிறது தோவாளை. விடியும் முன்பே இங்கே பூச்சந்தை கூடிவிடும். பிச்சி, மல்லிகை, அரளி, சம்பங்கி, தாமரை என்று மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். முகூர்த்த நாளிலும் ஓணம் சமயத்திலும் கேரள வியாபாரிகள் போட்டி போட்டு வாங்குவார்கள். பிச்சிப்பூ விலை எங்கேயோ போய் நிற்கும். அடுத்த வாரமே முகூர்த்தம் இல்லாத நாளில் வரத்து கூடினால், பறிகூலிக்குக்கூடக் கட்டாது. பூவை நாளைக்கு வைத்து விற்க முடியாது என்பதால், வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போவதைத் தவிர வேறு வழியில்லை.

இந்தச் சந்தையைத் தாண்டிச் சில கிலோமீட்டர் போனால், இதைவிட வேகமாக வாடுகிற ஒரு சரக்கு விளைகிற இடம் வந்துவிடும். பூவாவது ஒரு நாள் தாங்கும். மின்சாரம் ஒரு நொடிகூடத் தாங்காது. உற்பத்தியாகிற அதே கணத்தில் யாராவது அதைச் செலவழித்தாக வேண்டும். காற்றாலையும் சூரிய மின்சாரமும் பெருகப் பெருக விலை என்ன ஆகிறது, யார் துணிந்து பணம் போடுகிறார்கள், யார் தயங்குகிறார்கள் என்பதையெல்லாம் புரிந்துகொள்ள, தோவாளை வியாபாரத்தை மனதில் வைத்துக்கொண்டால் போதும். ‘வெயிலும் காற்றும் இலவசம், மின்சாரம் மலிவாகிவிட்டது என்கிறார்கள். அப்புறம் ஏன் கட்டணம் ஏறிக்கொண்டே போகிறது?’ என்று நம் கேள்வி-பதில் பகுதிக்கு வரும் கேள்விக்கும் இந்தச் சாலையிலேயே பதில் இருக்கிறது.

காத்தாடி ஊர்

மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே முடிகிற இடத்தில் விழுந்திருக்கும் வாசல்தான் ஆரல்வாய்மொழிக் கணவாய். அரபிக்கடலில் இருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று மலையில் முட்டி, வழி தேடி, இந்த வாசல் வழியாக நெருக்கிக்கொண்டு பாய்கிறது. அகலமான வாய்க்காலில் மெதுவாகப் போகும் தண்ணீர், மடையின் குறுகிய வாயில் வேகம் எடுப்பது போலத்தான். செங்கோட்டை, கம்பம், பாலக்காடு கணவாய்களுக்கும் இதே கதைதான். தமிழ்நாட்டுக் காற்றாலைகள் பெரும்பாலும் இந்த நான்கு வாசல்களுக்கு எதிரேதான் நிற்கின்றன.

ஆரல்வாய்மொழியைத் தாண்டியதும் முப்பந்தல். இசக்கியம்மன் கோயில் வாசலில் வண்டியை நிறுத்திக் கும்பிட்டுவிட்டுப் போகாத லாரி ஓட்டுநர்கள் குறைவு. கோயிலைச் சுற்றி நாலாபக்கமும் காற்றாலைகள். உள்ளூர்க்காரர்களுக்கு அது ‘காத்தாடி’. பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் பக்கம் வரை எங்கே பார்த்தாலும் காத்தாடிதான். பனைமரங்களுக்கும் உடைமரங்களுக்கும் நடுவே, தூண்களின் நிழலில் ஆடுகள் படுத்திருக்கும். ஆனி, ஆடியில் இங்கே காற்று வீசினால் ஆளை நிற்க விடாது. வாழைக்கு முட்டுக் கொடுக்காதவர் தோப்பு ஒரே இரவில் சாய்ந்துவிடும். ஊரே சபித்த அந்தக் காற்றுதான் பிறகு சொத்தானது.

தமிழ்நாட்டில் காற்றாலைக்கான முன்னோட்டம் 1986-ல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் தொடங்கியது. அதன் பிறகு கயத்தாறு, முப்பந்தல் என்று பரவியது. ஆரம்பத்தில் நட்டவை சின்ன இயந்திரங்கள். 55 கிலோவாட், 225 கிலோவாட், 250 கிலோவாட் என்ற அளவு. இப்போது நடுபவை 2,000, 3,000 கிலோவாட். கோபுரமே 100 மீட்டருக்கு மேல். சாலையில் போகும்போது வேகமாகச் சுற்றுகிற குட்டைக் காத்தாடி பழையது, நிதானமாகச் சுற்றுகிற நெட்டைக் காத்தாடி புதியது என்று அடையாளம் சொல்லிவிடலாம். வேகமாகச் சுற்றுவதுதான் அதிக மின்சாரம் தரும் என்று நினைக்க வேண்டாம். 225 கிலோவாட் இயந்திரம் தன் முழுத் திறனில் 20 சதவிகிதம் ஓடினால் ஆண்டுக்குச் சுமார் 4 லட்சம் யூனிட் தரும். 2,000 கிலோவாட் இயந்திரம் 30 சதவிகிதம் ஓடினால் 52 லட்சம் யூனிட். பழசு பதின்மூன்று செய்கிற வேலையை இது ஒன்றே செய்துவிடும்.

காற்றுக்கு இன்னொரு குணம் உண்டு. வேகம் இரண்டு மடங்கானால் மின்சாரம் இரண்டு மடங்கு ஆவதில்லை, எட்டு மடங்காகும். அதனால்தான் நல்ல இடத்துக்கும் சுமாரான இடத்துக்கும் வருமானத்தில் அவ்வளவு வித்தியாசம். அதனால்தான் மே முதல் செப்டம்பர் வரையிலான ஐந்து மாதத்திலேயே ஆண்டு உற்பத்தியின் பெரும்பகுதி கொட்டிவிடுகிறது. மார்கழி, தை மாதங்களில் இதே சாலையில் போனால் பாதிக் காத்தாடிகள் அசையாமல் நிற்கும்.

வரிக்கு நட்ட காத்தாடி

இவ்வளவு இயந்திரங்களை நட்டவர்கள் யார்? பெரும்பாலும் கோயம்புத்தூர், திருப்பூர், ராஜபாளையம் பக்கத்து நூற்பாலைகளும் தனியார் நிறுவனங்களும்தான். நூற்பாலைக்குப் பஞ்சுக்கு அடுத்த பெரிய செலவு மின்சாரம். முப்பந்தலில் காத்தாடியை நட்டு, மின்வாரியக் கம்பி வழியாகத் தன் ஆலைக்கு மின்சாரத்தைக் கொண்டுபோனால் மில் கணக்கில் நிறைய மிச்சம்.

அதற்கு மேலும் ஒரு ஆசை காட்டப்பட்டது. 1990-களில், காற்றாலைக்குப் போட்ட பணம் முழுவதையும் முதல் ஆண்டிலேயே தேய்மானம் என்று எழுதி வருமான வரியைக் குறைத்துக்கொள்ளலாம் என்று மத்திய அரசு சலுகை கொடுத்தது. காற்று வீசினாலும் வீசாவிட்டாலும் வரி மிச்சம். அவசரமாகச் சுமாரான இடத்தில் நட்ட இயந்திரங்களும் அந்தக் காலத்தில் உண்டு. மானியத்துக்காகப் போர் போட்டுவிட்டு, தண்ணீர் வருமா என்று பிறகு பார்ப்பது போல.

இந்தச் சலுகையின் ஏற்ற இறக்கத்தோடு முதலீடும் ஏறி இறங்கியது. 80 சதவிகிதமாக இருந்த தேய்மானச் சலுகை 2012 ஏப்ரலில் 15 ஆகக் குறைந்தபோது புதிய காற்றாலைகள் சட்டென்று குறைந்தன. 2014-ல் மறுபடியும் 80 ஆனது. 2017-ல் 40 ஆக நின்றது. காற்று அதே காற்றுதான். ஆனால், காத்தாடி நடுவதா வேண்டாமா என்பதை டெல்லிக் கணக்குப் புத்தகமே முடிவு செய்தது.

இன்னொரு ஏற்பாடு ‘பேங்கிங்’. ஆடியில் தேவைக்கு மேல் விளைந்த யூனிட்டை மின்வாரியத்திடம் கணக்கில் போட்டுவைத்து, காற்றில்லாத மாதத்தில் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். களத்துமேட்டில் விலை மலிந்த நெல்லைப் பண்ணையார் பத்தாயத்தில் போட்டுவிட்டு, பங்குனியில் எடுத்துச் சாப்பிடுவது மாதிரி. ஒரு முக்கிய வித்தியாசம் உண்டு. பத்தாயத்தில் நெல் நிஜமாகவே இருக்கிறது. மின்வாரியத்திடம் அப்படி எந்தப் பத்தாயமும் கிடையாது. ஆடியில் கொடுத்த யூனிட் ஆடியிலேயே செலவாகிப் போயிற்று. மாசியில் மில் கேட்கும்போது வாரியம் அதை எங்கிருந்தோ, அன்றைக்குள்ள விலைக்கு வாங்கித்தான் கொடுக்க வேண்டும். இதற்காகப் பிடிக்கும் பங்கு ஒரு காலத்தில் 5 சதவிகிதமாக இருந்து, பிறகு ஏறிக்கொண்டே போனது. மில் தரப்புக்கு இது அநியாயமாகப் படுகிறது. வாரியத் தரப்புக்கு இதுவும் போதவில்லை. இரண்டு பக்கமும் மின்சார ஒழுங்குமுறை ஆணையத்திலும் மேல்முறையீட்டிலும் ஆண்டுக்கணக்கில் வாதாடிக்கொண்டிருக்கின்றன. நடுநிலையாகப் பார்த்தால், மலிவுக் காலத்து யூனிட்டும் கிராக்கிக் காலத்து யூனிட்டும் ஒன்றே என்று எடுத்துக்கொண்ட இடத்தில்தான் சிக்கல். தோவாளையில் எந்த வியாபாரியும் அப்படிக் கணக்குப் பார்க்க மாட்டார்.

கயத்தாறு: ஏலம் வந்த பிறகு

திருநெல்வேலியைத் தாண்டி மதுரை சாலையில் கயத்தாறு. கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட ஊர் என்றுதான் பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். இப்போது தேசிய காற்று ஆற்றல் நிறுவனத்தின் சோதனை நிலையமும் இங்கே இருக்கிறது. சுற்றிலும் கரிசல் பூமி. உளுந்து, பாசி, மக்காச்சோளம், பருத்தி என்று மானாவாரி வெள்ளாமை. அதன் நடுவே காத்தாடி வரிசை. தூணைச் சுற்றிக் கொஞ்சம் இடமும் வண்டிப்பாதையும் போக, மீதி நிலத்தில் உழவு நடக்கிறது. இந்த விஷயத்தில் காற்றாலை விவசாயத்துக்குத் தோதான அண்டை வீட்டுக்காரர்தான்.

இங்கே மின்சாரத்தின் விலை எப்படி மாறியது என்று பார்க்கலாம். 2017 வரை, காற்றாலை மின்சாரத்துக்கு ஆணையம் ஒரு விலை நிர்ணயிக்கும்; வாரியம் அந்த விலைக்கு வாங்கும். தமிழ்நாட்டில் கடைசியாக இருந்த விலை யூனிட்டுக்கு 4 ரூபாய் 16 காசு. 2017 பிப்ரவரியில் மத்திய அரசின் சூரிய ஆற்றல் கழகம் முதல் முறையாகக் காற்றாலைக்கு ஏலம் நடத்தியது. குறைந்த விலை கேட்டவருக்கு ஒப்பந்தம். 3 ரூபாய் 46 காசுக்கு வந்து நின்றது. அதே ஆண்டு ஆகஸ்ட்டில் தமிழ்நாடு நடத்திய ஏலத்தில் 3 ரூபாய் 42 காசு. டிசம்பரில் குஜராத்தில் 2 ரூபாய் 43 காசு. பத்தே மாதத்தில் ஒரு ரூபாய்க்கு மேல் சரிவு.

வாங்குபவருக்குக் கொண்டாட்டம். விற்பவருக்கு? நாடு முழுவதும் 2016-17-ல் சுமார் 5,500 மெகாவாட் அளவுக்குப் புதிய காற்றாலைகள் நடப்பட்டன. அடுத்த ஆண்டில் அது 1,800-க்கும் கீழே போய்விட்டது. விலை விழுந்தது, கூடவே வெள்ளாமையும் விழுந்தது. இயந்திரம் செய்யும் தொழிற்சாலைகள் சிலவற்றின் கதையே முடிந்தது. சின்ன வெங்காயம் விலை சரிந்த மறுபருவம் எத்தனை பேர் விதைக்கிறார்கள் என்று கேட்டால் திண்டுக்கல், பெரம்பலூர் விவசாயிகள் சொல்லிவிடுவார்கள்.

ஏலத்துக்கு வெளியே இன்னொரு சந்தையும் இருக்கிறது. 2008 முதல் நடக்கும் மின்சாரப் பரிமாற்றகம். ஒரு நாளை 15 நிமிடத் துண்டுகளாக, 96 துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியாக விலை முடிவாகும். குறைந்த விலை கேட்டவரிடம் முதலில் வாங்கி, தேவை தீரும் வரை மேலே போவார்கள். கடைசியாகச் சேர்த்துக்கொள்ளப்பட்டவர் கேட்ட விலை எதுவோ, அதுவே அந்தத் துண்டில் எல்லோருக்கும் விலை. சூரியத் தகடுக்கும் காத்தாடிக்கும் எரிபொருள் செலவு இல்லை. அதனால் எவ்வளவு குறைந்த விலைக்கும் விற்கத் தயாராக முதல் வரிசையில் வந்து நிற்கும். அவை வரிசையில் கூடக்கூட, பின்னால் நிற்கும் விலை கூடிய அனல்மின் நிலையத்துக்கு வேலை இல்லாமல் போகும். விலை இறங்கும். நண்பகலில் இதுதான் நடக்கிறது. 2025 மே மாதக் கடைசியில், பருவமழை முன்கூட்டியே வந்து நாடு குளிர்ந்திருந்த ஒரு நாளில், உடனடிச் சந்தையில் பகல் விலை ஏறக்குறைய பூஜ்யத்தைத் தொட்டது. ஜெர்மனியில் பூஜ்யத்துக்கும் கீழே போய், ‘எடுத்துக்கொண்டு போனால் போதும்’ என்று விற்பவரே பணம் கொடுக்கும் நேரங்களும் உண்டு.

சூரியன் மறைந்ததும் கதை தலைகீழ். வீடுகளில் விளக்கு, மின்விசிறி, மிக்சி, குளிர்சாதனம் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும். தகடு தூங்கிவிட்டது. காற்று இருக்கும் மாதத்தில் காத்தாடி கொஞ்சம் கைகொடுக்கும். இரவிலும் காற்று வீசும் என்பதுதான் தமிழ்நாட்டுக்குக் கிடைத்த வரம். மற்ற மாதங்களில் கோடை மாலை விலை, பரிமாற்றகத்தில் அனுமதிக்கப்பட்ட உச்சவரம்பான 10 ரூபாய்க்கே போய் நிற்பதுண்டு. ஒரே நாளில், ஒரே சரக்கு, மதியம் ஒரு விலை, இரவு ஏழு மணிக்கு ஐந்தாறு மடங்கு விலை.

கட்டணம் ஏன் ஏறுகிறது என்ற கேள்விக்குப் பாதி பதில் இதில் இருக்கிறது. வாரியம் மதியம் மலிவாகவும் மாலையில் கிராக்கியாகவும் வாங்குகிறது. நமக்கு வருவது இரண்டையும் கலந்த கணக்கு. அது போக, அனல்மின் நிலையங்களோடு போட்ட நீண்டகால ஒப்பந்தம் இருக்கிறது. மின்சாரம் வாங்காமல் நிறுத்தி வைத்தாலும் நிலைக்கட்டணம் என்று ஒரு தொகையைக் கட்டித்தான் ஆக வேண்டும். டிராக்டரை மாத வாடகைக்குப் பேசிவிட்டு, மழை பெய்து உழவு ஓடாவிட்டாலும் வாடகை கொடுப்பது போல. அந்த நிலையங்களை அணைக்கவும் முடியாது; மாலையில் அவைதான் வேண்டும். மேலும் உயரழுத்தக் கம்பி, துணைமின் நிலையம், வாரியத்தின் பழைய கடனுக்கு வட்டி. விளைகிற இடத்தில் யூனிட் மலிவானாலும், வீடு வந்து சேர்கிற செலவு குறையவில்லை. 2022-ல் பெரிய உயர்வு, 2024 ஜூலையில் 4.83 சதவிகிதம், 2025 ஜூலையில் 3.16 சதவிகிதம் என்று தமிழ்நாட்டில் கட்டணம் ஏறியதற்கு வெயிலையும் காற்றையும் குற்றம் சொல்ல முடியாது. அவை இல்லாவிட்டால் நிலக்கரிக்கு இன்னும் கூடுதலாகச் செலவாகியிருக்கும்.

மலிவு நேரத்து மின்சாரத்தைப் பிடித்து வைக்கிற பத்தாயம் இருந்தால் பாதிப் பிரச்னை தீரும். கோயம்புத்தூர் மாவட்டத்துக் காடம்பாறையில் அப்படி ஒன்று பல ஆண்டுகளாக இருக்கிறது. மின்சாரம் மிஞ்சும்போது கீழ் அணைத் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றி, தேவைப்படும்போது இறக்கி 400 மெகாவாட் எடுக்கிறார்கள். நீலகிரியில் குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு இன்னொன்று கட்டப்படுகிறது. 2024 மே 2-ம் தேதி மாநிலத்தின் உச்சத் தேவை 20,830 மெகாவாட். அதோடு ஒப்பிட்டால் இந்தப் பத்தாயங்கள் குருவிக்கூடுதான்.

கமுதி: ஏழு ரூபாய் வெயில்

கோவில்பட்டியைத் தாண்டி, கிழக்கே திரும்பி அருப்புக்கோட்டை வழியாகப் போனால் கமுதி. சீமைக்கருவேலமும் கரிமூட்டமும் குண்டு மிளகாயும் மழையை நம்பிய ஒரு போக நெல்லும்தான் இந்தப் பக்கத்து வாழ்க்கை. காற்று இல்லை, வெயிலுக்குக் குறைவே இல்லை. இங்கேதான் 2016 செப்டம்பரில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் திறக்கப்பட்டது. சுமார் 2,500 ஏக்கர். ஒரே இடத்தில் அமைந்த நிலையங்களில் அன்றைக்கு உலகிலேயே பெரியது என்று பேசப்பட்டது. தகடுகளில் படியும் புழுதியைத் துடைக்க ரோபோ இயந்திரங்கள் ஓடுகின்றன.

கமுதிக்காக 2015-ல் போடப்பட்ட ஒப்பந்தத்தின் விலை யூனிட்டுக்கு 7 ரூபாய் 1 காசு. இரண்டே ஆண்டில், 2017-ல் தமிழ்நாடு நடத்திய சூரிய மின்சார ஏலத்தில் விலை 3 ரூபாய் 47 காசு. அதே ஆண்டு ராஜஸ்தானின் பட்லாவில் 2 ரூபாய் 44 காசு. 2020 டிசம்பரில் குஜராத்தில் 1 ரூபாய் 99 காசு. முதலில் துணிந்தவருக்கு நல்ல விலை. பின்னால் வந்தவருக்கு மலிவு. முதலில் வாங்கியவர் இருபத்தைந்து ஆண்டு அந்த விலையைச் சுமக்க வேண்டும் என்பதுதான் இதன் மறுபக்கம். அவசரப்பட்டு வாங்கியதாக வாரியத்தைத் திட்டுபவர்கள் உண்டு. அன்றைக்கு மின்வெட்டால் தவித்த மாநிலம், தகடு இப்படி மலிவாகும் என்று எதிர்பார்த்திருக்க முடியுமா என்பதையும் யோசிக்க வேண்டும்.

இப்போது தமிழ்நாட்டில் காற்றாலையும் சூரிய மின்சாரமும் தலா 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டன. புதிதாகப் பணம் போட வருபவர், பகல் யூனிட்டை மட்டும் நம்பி வந்தால் மாட்டிக்கொள்வார். அவர் நடும் ஒவ்வொரு தகடும் அவர் விற்கப்போகும் அதே நேரத்து விலையைத்தான் இறக்கும். எல்லோரும் ஒரே பட்டத்தில் தக்காளி நடுவது போல. அதனால்தான் முதலீட்டாளர்கள் காற்று, வெயில், பேட்டரி மூன்றையும் சேர்த்து மாலையிலும் கொடுக்கிற மாதிரித் திட்டம் போடுகிறார்கள்; இருபத்தைந்து ஆண்டு ஒப்பந்தம் கையில் இல்லாமல் வங்கிகளும் கடன் கொடுப்பதில்லை.

முப்பந்தலில் பழைய காத்தாடி வைத்திருக்கும் சிறிய உரிமையாளர்களுக்கு வேறு சங்கடம். பழசை எடுத்துவிட்டுப் பெரியதை நடச் சொல்லித் தமிழ்நாடு அரசு 2024-ல் ஒரு கொள்கை வெளியிட்டது. ஒரு புதிய கோபுரத்துக்குப் பல பழைய இயந்திரங்களின் இடம் வேண்டும். ஒவ்வொன்றும் ஒவ்வொருவர் பெயரில். கூட்டுப்பட்டா நிலத்தில் கிணறு வெட்டுகிற கதை!

நம் நிலத்துக்கு வரும்போது

ராமநாதபுரம், தூத்துக்குடி, விருதுநகர் பக்கத்துக் கிராமங்களில் தரகர்கள் வந்து நிலம் கேட்பது புதிதல்ல. சூரிய மின்சாரத்துக்கு ஒரு மெகாவாட்டுக்கு நாலு, ஐந்து ஏக்கர் தேவை. காற்றாலையைப் போல நடுவே உழ முடியாது. தகடு போட்டால் நிலம் மொத்தமாகப் போனது போலத்தான். ஆடு மேய்த்தவருக்கும் கரிமூட்டம் போட்டவருக்கும் குத்தகையில் பங்கு கிடையாது என்பதையும் ஊர் யோசிக்க வேண்டும்.

விற்பதா, குத்தகைக்கு விடுவதா என்பது அவரவர் குடும்ப நிலைமை. குத்தகை என்றால் சிலவற்றை விட்டுக்கொடுக்கவே கூடாது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும். வெள்ளைத்தாள் ஒப்பந்தம் செல்லாக்காசு. பொது அதிகாரப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்டால் வக்கீலிடம் காட்டாமல் போடாதீர்கள். தொகை ஆண்டுக்கு எத்தனை சதவிகிதம் ஏறும் என்று எழுத்தில் இருக்க வேண்டும். யூனிட் விலை விழுந்து நிறுவனம் நஷ்டப்பட்டால் உங்கள் வாடகை என்ன ஆகும், நிலத்தை அடமானம் வைக்க அவர்களுக்கு உரிமை உண்டா, இருபத்தைந்து ஆண்டு கழித்துக் கான்கிரீட்டைத் தோண்டி எடுப்பது யார் செலவு? கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. காற்றாலையின் அடித்தளம் வயலுக்கு அடியில் ஒரு வீட்டளவு கான்கிரீட்.

ஒப்பிட்டுப் பார்க்க மகாராஷ்டிரத்தின் கணக்கு உதவும். அங்கே துணைமின் நிலையங்களுக்குப் பக்கத்தில் சிறிய சூரிய நிலையங்கள் அமைத்து, விவசாயத்துக்குப் பகலில் மின்சாரம் கொடுக்கும் திட்டம் நடக்கிறது. குத்தகைக்கு எடுக்கும் நிலத்துக்கு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 1,25,000 ரூபாய், ஆண்டுதோறும் 3 சதவிகித உயர்வு. ஏக்கருக்குச் சுமார் 50,000 ரூபாய். தரகர் சொல்லும் தொகையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிலத்தின் மேலே உயரழுத்தக் கம்பி மட்டும் போகிறது என்றாலும் சும்மா விட வேண்டியதில்லை. மத்திய மின் துறை 2024 ஜூனில் வெளியிட்ட வழிகாட்டுதல், கோபுரம் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 200 சதவிகிதமும், கிராமப்புறத்தில் கம்பி போகும் பாதைக்கு 30 சதவிகிதமும் இழப்பீடு சொல்கிறது. மாநில ஆணை என்ன சொல்கிறது என்று கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுத்துக் கேட்கலாம்.

சூரிய பம்ப்செட் பற்றியும் ஒரு வார்த்தை. ஏற்கெனவே இலவச மின் இணைப்பு இருப்பவருக்கு இதனால் கட்டணம் மிச்சமாகாது. நமக்குக் கட்டணமே இல்லையே. ராத்திரி மோட்டார் போட டார்ச் அடித்துக்கொண்டு போகிற அலைச்சல்தான் மிச்சம். இணைப்புக்காகக் காத்திருப்பவருக்கும் டீசல் இன்ஜின் ஓட்டுபவருக்கும் கணக்கு வேறு. வேளாண் பொறியியல் துறை மூலம் 60 சதவிகித மானியம் கிடைக்கிறது. ஆதிதிராவிடர், பழங்குடியின சிறு, குறு விவசாயிகளுக்கு இன்னும் கூடுதல். ஐந்தாறு ஆண்டு டீசல் செலவை எழுதிப் பார்த்து, கையில் இருந்து போட வேண்டிய தொகையோடு ஒப்பிட்டால் விடை வந்துவிடும். மானியத்தில் வாங்கினால் இலவச இணைப்புக்காகக் கொடுத்த மனு என்ன ஆகும் என்பதை உதவி செயற்பொறியாளரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டுக் கூரைக்கு மத்திய அரசு 1 கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம் தருகிறது. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசத்திலேயே அடங்கிவிடுகிற சின்ன வீட்டுக்கு இது தேவையே இல்லை. அதிகமாக மின்சாரம் இழுக்கிற வீட்டுக்குத்தான் கட்டுபடியாகும். கடைசி நான்கு ரசீதுகளை எடுத்து வைத்துக்கொண்டு, பகலில் ஓடுவது எது, இரவில் ஓடுவது எது என்று பிரித்து எழுதிவிட்டுத்தான் தகடு விற்பவரை வீட்டுக்குக் கூப்பிட வேண்டும்.